எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ராத்திரி கார் ஓட்டுற எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வடசென்னைல கார் வச்சிருக்குற, கார் ஓட்டுற அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

நான் திருவொற்றியூர் பக்கம் சின்னதா ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கேன். பத்தொம்பது வருஷமா இதான் பொழப்பு, அதுக்கு முன்னாடி புதுப்பேட்டைல ஒரு அண்ணன்கிட்ட வயரிங் வேல கத்துக்கிட்டேன். காலைல ஷட்டர் தூக்குனா ராத்திரி வரைக்கும் பல்பு, ஹோல்டர், ஃபியூஸ், ரிலேன்னு இதோடவே தான் போகும். இந்த விஷயத்த எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு, போன மாசம் நடந்ததுக்கு அப்பால இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

விடிகாலை நாலரை மணி இருக்கும். நானும் என் வீட்டம்மாவும் பைக்ல காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போறோம், எக்ஸ்பிரஸ் ரோட்ல, இடது பக்கம் கடல். வழக்கம் போல கண்டெய்னர் வண்டிங்க அங்கங்க ஓரமா நிக்குது, உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சீன் தான். எதிர்ல ஒரு கார் வருது, வெள்ளையா, நீலம் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம், நேரா கண்ணுக்குள்ள அடிக்குது. நான் ரெண்டு தடவ டிம் அடிச்சு காட்டுனேன், அவர் எறக்கவே இல்ல. கார் தாண்டிப் போயிடுச்சு, ஆனா எனக்கு கண்ணு முன்னாடி ஒண்ணுமே தெரியல, கருப்பா ஒரு வட்டம் தான் மிதக்குது. ரெண்டு மூணு செகண்டு இருக்கும். நாப்பதுல போனா ஒரு செகண்டுக்கு பதினோரு மீட்டர் வண்டி ஓடுது, அப்ப முப்பது மீட்டர் நான் குருடனா ஓட்டிருக்கேன். கண்ணு திரும்ப தெளிஞ்சப்ப முன்னாடி ஒரு ட்ரெய்லரோட முதுகு. டெயில் லைட் இல்ல, வெளிச்சம் பட்டா மின்னுற ஸ்டிக்கர் இருந்த இடம் முழுக்க சேறும் புழுதியும். பிரேக்க அழுத்துனேன், ஓரத்துல கெடந்த மணல்ல டயர் சறுக்கி ரெண்டு பேரும் விழுந்தோம். ட்ரெய்லரோட பின்பக்க இரும்பு எனக்கு ரெண்டடி முன்னாடி, நான் பைக்ல உக்காந்திருந்தா சரியா நெஞ்சு உயரத்துல இருந்திருக்கும். வீட்டம்மாவுக்கு முட்டியில ஏழு தையல். இப்பவும் படி ஏறுறப்ப வலிக்குதுன்னு சொல்றாங்க.

விழுந்தது விழுந்தாச்சு, அத விட என்ன உறுத்துறது வேற. அந்த கார் வெளிச்சத்த பாத்த உடனே அது என்ன பல்புன்னு எனக்கு தெரிஞ்சுடுச்சு, ஹாலஜனுக்குன்னு செஞ்ச ஹெட்லைட்டுல வெளில வாங்குன எல்இடி பல்ப சொருகியிருக்காங்க. அதே பல்ப நான் என் கையால எத்தன வண்டிக்கு மாட்டி குடுத்திருக்கேன்! கஸ்டமர் கேட்டாரு, நல்ல மார்ஜின், பத்து நிமிஷ வேல, மாட்டி அனுப்பிச்சேன். இன்னிக்கு தேதிக்கு நான் மாட்டுறது இல்ல. ஏன்னு உங்களுக்கு புரியுற மாதிரி சொல்லணும், ஏன்னா வேணாம்னு சொல்லி திருப்பி அனுப்புனா பக்கத்து கடைல போய் மாட்டிக்கிறீங்க.

பழைய ஹெச்4 ஹாலஜன் பல்ப கைல வாங்கி பாருங்க. உள்ள ரெண்டு இழை இருக்கும், ஒண்ணு டிம்முக்கு 55 வாட்ஸ், இன்னொண்ணு பிரைட்டுக்கு 60 வாட்ஸ். டிம் இழைக்கு கீழ மட்டும் ஒரு குட்டி தகடு, பாதி வெட்டுன கிண்ணம் மாதிரி இருக்கும், உத்து பாத்தா தான் தெரியும். மொத்த சூட்சுமமும் அந்த தகட்டுல தான். அது கீழ் பக்கம் போற வெளிச்சத்த மறைச்சுடும், அதனால பல்புக்கு பின்னாடி கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்குற ரிஃப்ளெக்டரோட மேல் பாதில மட்டும் வெளிச்சம் பட்டு ரோட்ட பாத்து கீழ எறங்கும். இழை எந்த இடத்துல இருக்குதுன்னு மில்லிமீட்டர் கணக்குல பாத்து தான் அந்த ரிஃப்ளெக்டர வளைச்சிருக்காங்க. இப்ப அதே இடத்துல எல்இடி பல்ப வச்சா, அதுல ஒரு தட்டையான பட்டை, ரெண்டு பக்கமும் சிப்பு ஒட்டியிருக்கும், வெளிச்சம் கிளம்புற இடமே மாறிப்போகுது. ரிஃப்ளெக்டருக்கு அது தெரியுமா, வந்த வெளிச்சத்த எல்லாம் மேல கீழ பக்கத்துலன்னு செதறடிக்கும். உங்களுக்கு கார் முன்னாடி பளிச்சுன்னு வெள்ளையா தெரியும், ஆஹா என்னா வெளிச்சம்னு நெனப்பீங்க, ஆனா உண்மைல தூரத்துல இருக்குற ரோடு பெரும்பாலும் முன்ன விட கம்மியா தான் தெரியும், மிச்ச வெளிச்சம் எதிர்ல வர்றவன் கண்ணுல. கம்பெனியே எல்இடி வச்சு குடுக்குற வண்டிங்க இருக்கு, அது வேற கதை, அதுக்குன்னே லென்ஸ், ரிஃப்ளெக்டர் எல்லாம் தனியா செஞ்சது, அத நான் குத்தம் சொல்லல.

மத்திய மோட்டார் வாகன விதி 1989ல 106வது விதின்னு ஒண்ணு இருக்கு, முன் விளக்கோட வெளிச்சம் எப்பவும் கீழ பாத்து எறங்குற மாதிரி, எதிர்ல இருக்குற ஆளுக்கு கண்ணு கூசாத மாதிரி இருக்கணும்னு தெளிவா போட்டிருக்கு. அந்தக் காலத்துல ஹெட்லைட்டு நடுவுல கருப்பு பெயிண்ட்டு வட்டம் அடிப்பாங்க, போலீஸ்காரங்களே ரோட்ல நிறுத்தி கருப்பு ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்க, ஞாபகம் இருக்கா? எல்லாம் இந்த கூச்சத்துக்காகத் தான்.

சரி, வெளிச்சம் பத்தலன்னு தான எல்லாரும் எல்இடிக்கு போறீங்க. என் கடைக்கு வர்ற பத்து வண்டில ஏழு எட்டு வண்டிக்கு பல்பு பிரச்சனையே இல்லைங்க. ஹெட்லைட் மேல இருக்குற பிளாஸ்டிக் மஞ்சளா போயிருக்கும். அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட்டு, வெயில்ல மேல் பூச்சு போய் பால் ஊத்துன மாதிரி ஆயிடும். நம்ம ஏரியால வெயிலோட உப்புக் காத்தும் மணலி ரோட்டு புழுதியும் சேருது. டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சா நாலு நாளைக்கு பளபளன்னு இருக்கும், திரும்ப மங்கிடும். ஒழுங்கா செய்யணும்னா தண்ணி போட்டு ஆயிரம், ரெண்டாயிரம், மூவாயிரம்னு உப்புத்தாள்ல வரிசையா தேய்ச்சு, பாலிஷ் போட்டு, வெயில் தாங்குற கிளியர் கோட் அடிக்கணும், அது அடிக்கலன்னா தேய்ச்சது வேஸ்ட். இன்னொரு விஷயம், கார் நின்னா டிரைவர்ங்க காஞ்ச துணியால ஹெட்லைட்ட வரக்கு வரக்குன்னு துடைக்கிறாங்க, அந்த புழுதி மணல் மாதிரி, கீறல் தான் விழும், மொதல்ல தண்ணி ஊத்துங்க.

அதுக்கு அப்புறம் கப்ளர், அதாவது பல்புக்கு பின்னாடி சொருகுற பிளக். கருகிப்போன கப்ளர், எர்த் வயர்ல துரு, இதனாலயே பல்புக்கு வரவேண்டிய வோல்ட் வராம மங்கலா எரியும். அத மாத்தி, பேட்டரில இருந்து நேரா பல்புக்கு கரெண்ட்டு குடுக்குற ஒரு ரிலே போட்டாலே பாதி பேரு, இதே பல்பா இதுன்னு கேக்குறாங்க. சில பேரு 100/90 வாட்ஸ் பல்பு வாங்கிட்டு வந்து மாட்ட சொல்றாங்க, கம்பெனி வயருக்கு அந்த சூடு தாங்காது, ஹோல்டர் உருகி ரிஃப்ளெக்டர்ல பூசியிருக்குற வெள்ளி நெறம் கருத்துப் போன வண்டிங்கள நெறைய பாத்தாச்சு. அப்புறம் ஹாலஜன் பல்ப நீங்களே மாத்துனீங்கன்னா கண்ணாடில விரல் படாம டிஷ்யூ வச்சு புடிங்க, கைல இருக்குற எண்ணெய் பட்டா அந்த இடம் மட்டும் அதிகமா சூடாகி சீக்கிரம் போயிடும். ஒரு பக்கம் போச்சுன்னா ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடுங்க.

ஸ்டியரிங்குக்கு பக்கத்துல, வலது பக்கம் டேஷ்போர்டுல, 0, 1, 2, 3ன்னு ஒரு சின்ன சக்கரம் பல வண்டில இருக்கும். பத்து வருஷமா கார் வச்சிருக்குறவங்க கூட இது எதுக்குன்னே தெரியாதுன்னு சொல்லிருக்காங்க. பின்னாடி மூணு பேரு உக்காந்து டிக்கி நெறைய சாமான் ஏத்துனா வண்டியோட வால் எறங்கி மூக்கு தூக்கும், டிம் லைட்டே பிரைட்டு மாதிரி எதிர்ல அடிக்கும். அப்ப அந்த சக்கரத்த 2, 3ன்னு திருப்புனா வெளிச்சம் கீழ எறங்கும், தனியா ஓட்டுறப்ப 0ல வச்சுக்கோங்க. குடும்பத்தோட திருத்தணி, திருப்பதின்னு கிளம்புறவங்க தயவு செஞ்சு இத செய்ங்க, ஒரு செகண்டு வேல.

வெளிச்சம் சரியா விழுதான்னு பாக்க மெஷின் எல்லாம் வேணாம். சமமான தரைல ஒரு சுவருக்கு நேரா அஞ்சு மீட்டர் தள்ளி வண்டிய நிறுத்துங்க, டயர்ல காத்து சரியா இருக்கணும், ஹெட்லைட்டோட நடுப்பகுதி தரைல இருந்து எவ்ளோ உயரம்னு அளந்து சுவர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. டிம் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்த கோட்டுக்கு அஞ்சாறு சென்டிமீட்டர் கீழ இருக்கணும், நம்ம ஊரு வண்டிக்கு இடது கை பக்கம் மட்டும் லேசா மேல ஏறும், ஓரத்துல நடக்குறவங்க தெரியுறதுக்காக. கோட்டுக்கு மேல போச்சுன்னா பின்னாடி இருக்குற ஸ்குரூவ திருப்பி எறக்கணும், தெரியலன்னா எந்த எலக்ட்ரீஷியன்கிட்ட வேணா போங்க.

இனி பின் பக்கம். இது தான் ரொம்ப முக்கியம், ஏன்னா முன்னாடி லைட்டு போனா உங்களுக்கே தெரிஞ்சிடும், பின்னாடி போனா உங்களுக்கு தெரியவே தெரியாது. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பெரியவர் வந்தாரு, ரிடையர்டு, பேரப்பசங்கள ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறதுக்குன்னே அந்த கார் வச்சிருக்காரு. ஹாரன் சரியில்லன்னு தான் வந்தாரு. எதுக்கும் பாத்துடுவோம்னு அய்யா பிரேக்க மிதிங்கன்னு சொல்லிட்டு பின்னாடி போய் நின்னேன். ரெண்டு பக்கமும் எரியல. மிதிச்சீங்களான்னு கேட்டேன், மிதிச்சிட்டு தான்பா இருக்கேன்னாரு. ஹோல்டர கழட்டுனா உள்ள இருந்து பழுப்பு கலர்ல ஒரு ஸ்பூன் தண்ணி சொட்டுது, பித்தளை முழுக்க பச்சைக் களிம்பு, பல்ப திருப்ப போனா அடி தனியா கண்ணாடி தனியா வந்துடுச்சு, எர்த் வயர விரலால தொட்டேன், பொடியா உதிர்ந்துடுச்சு. அவர்கிட்ட காட்டுனேன், ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு நின்னாரு, எத்தன நாளா இப்படி இருக்கும் தம்பின்னு கேட்டாரு. நான் என்னத்த சொல்ல? அந்த களிம்ப பாத்தா மாசக்கணக்கா இருக்கும். அத்தன நாளும் டோல்கேட் சிக்னல்ல அவருக்கு பின்னாடி நின்னவங்க எத்தன பேரு, ஒருத்தர் கூட அய்யா உங்க பிரேக் லைட் எரியலன்னு கண்ணாடிய தட்டி சொல்லல.

கடலோரத்துல இருக்குற நமக்கு இந்த களிம்பு எல்லா வண்டிலயும் வரும், இது யாரோட தப்பும் இல்ல, காத்துலயே உப்பு இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஹோல்டர கழட்டி சுத்தம் பண்ணி லேசா கிரீஸ் தடவி மாட்டுனா போதும். பிரேக்க மிதிச்சா இண்டிகேட்டர் லேசா மினுக்குதா, டெயில் லைட் போட்டா ஒரு பக்கம் மங்குதா, அது பல்பு இல்ல, எர்த் போயிடுச்சுன்னு அர்த்தம். இண்டிகேட்டர் திடீர்னு வேகமா டிக் டிக்னு அடிச்சா அந்த பக்கம் ஒரு பல்பு போச்சு. தனியாளா பிரேக் லைட் செக் பண்ண ராத்திரி ஒரு கடை ஷட்டருக்கு முன்னாடி, வண்டியோட பின்பக்கம் ஷட்டர பாக்குற மாதிரி நிறுத்தி பிரேக்க மிதிங்க, கண்ணாடில செவப்பு ரெண்டு பக்கமும் தெரியணும். மேல நடுவுல ஒண்ணு இருந்தா அதுவும்.

புது கார் வச்சிருக்குறவங்களுக்கு தனியா ஒண்ணு. முன்னாடி டிஆர்எல், அதாவது பகல்லயும் தானா எரியுற சின்ன லைட்டு எரியுது, மீட்டர் போர்டு எப்பவும் வெளிச்சமா இருக்கு, டி.எச் ரோட்ல (திருவொற்றியூர் ஹை ரோடு) மெட்ரோ பாலத்துக்கு கீழ கடை லைட்டு, தெரு லைட்டுன்னு பகல் மாதிரி இருக்கு, அதனால ஹெட்லைட்டே போடாம போறீங்க, போடலன்னே உங்களுக்கு தெரியல. நெறைய வண்டில டிஆர்எல் எரியுறப்ப பின்னாடி ஒரு லைட்டும் எரியாது. அப்படியே திரும்பி எம்எஃப்எல் ஜங்ஷன் தாண்டி இருட்டுல போறப்ப பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு அங்க ஒரு கார் போறதே தெரியாது. ஸ்விட்ச்சுல ஆட்டோன்னு இருந்தா எப்பவும் அதுலயே விட்ருங்க, இல்லன்னா சூரியன் எறங்குனதும் கையால போட்ருங்க. விதிப்படி சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துல போட்டாகணும், வெளிச்சம் பத்தாத எந்த நேரத்துலயும் போடணும்னு 105வது விதில இருக்கு, பின்னாடி செவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்துல இருந்து தெரியணும். பைக்குக்கு 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற புது வண்டில பகல்லயே லைட்டு எரிஞ்சுட்டே தான் இருக்கு, மத்தவங்க கண்ணுக்கு படணும்னு தான அத கொண்டு வந்தாங்க.

மழை வருது, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நமக்கு தான் கச்சேரி. வைப்பர் போட்டா லைட்டும் போடுங்க, டிம் மட்டும், பிரைட் போட்டா மழைத்துளில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும். போகி விடிகாலைல புகை மண்டுறப்பவும் இதே தான். அப்புறம் அந்த நாலு இண்டிகேட்டர் பழக்கம், கைகூப்பி கேக்குறேன், விட்ருங்க. ஜங்ஷன்ல நேரா போறேன்னு சொல்ல நாலும் போடுறீங்க, மழைல ஓட்டிட்டே நாலும் போடுறீங்க. பக்கத்துல வர்ற பைக்காரனுக்கு உங்க வண்டியோட ஒரு பக்கம் தான் தெரியும், அவன் இடது பக்கம் திரும்புறீங்கன்னு நெனைச்சு ஒதுங்குவான். நிஜமாவே திரும்பணும்னாலும் நாலும் மினுக்குறப்ப நீங்க போடுற இண்டிகேட்டர் யாருக்கும் தெரியாது. அது வண்டி நின்னு போனா போடுறதுக்கு.

எதிர்ல பிரைட் போட்டு வந்தா பழிக்குப் பழி நீங்களும் பிரைட் போடாதீங்க, ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாம ரெண்டு வண்டி நேருக்கு நேர் வர்றது யாருக்கு நல்லது. கண்ண எடுத்து இடது பக்க ஓரக்கோட்ட பாத்துக்கிட்டு வேகத்த கொறைங்க. உள் கண்ணாடில இருக்குற சின்ன லீவர தட்டுனா பின்னாடி வர்ற வெளிச்சம் மங்கும். முன் கண்ணாடிய உள் பக்கமும் ஈரத்துணில தொடைங்க, அங்க படியுற மெல்லிய எண்ணெய்ப் படலம் தான் எதிர் லைட்ட நட்சத்திரம் மாதிரி விரிச்சு காட்டுது. வயசானவங்களுக்கு கண்ணு கூசுனா திரும்ப தெளிய இன்னும் நேரம் ஆகும், அப்பா ராத்திரி ஓட்ட பயப்படுறாருன்னா கிண்டல் பண்ணாம கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, புரையா இருக்கலாம்.

ட்ரெய்லர் ஓட்டுற அண்ணன்ங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்பர் கேட்டுக்கு மணிக்கணக்கா, சில நாள் ராத்திரி முழுக்க காத்துக்கெடக்குறீங்க, தூங்க எடமில்ல, குளிக்க எடமில்ல, உங்க கஷ்டம் எனக்கு தெரியும், என் சித்தப்பா ட்ரெய்லர் ஓட்டுனவரு. முன் வண்டிக்கும் பின்னாடி ட்ரெய்லருக்கும் நடுவுல போற பிளக் வயரு தான் திரும்பி திரும்பி அறுந்து போகுது, அத வாரம் ஒரு தடவ ஆட்டிப் பாருங்க. நிறுத்துறப்ப ஒரு வாளி தண்ணில பின்னாடி செவப்பு ஸ்டிக்கரையும் பக்கத்துல மஞ்சள் ஸ்டிக்கரையும் கழுவி விடுங்க, பேட்டரி எறங்குனாலும் வெளிச்சம் பட்டா ஸ்டிக்கர் மின்னும். அடையாளத்துக்குன்னு ரோட்ல கல்லும் மரக்கிளையும் வைக்காதீங்க, கெளம்புறப்ப அத எடுக்காம போயிடுறீங்க, அப்பால பைக்காரன் அதுல ஏறி விழுறான்.

ஒரு லைட்டும் இல்லாம மீன்பாடி வண்டி தள்ளிட்டு வர்ற அண்ணன், மெட்ரோ தூணுக்கு பின்னாடி இருந்து திடீர்னு குறுக்க வர்ற அம்மா, இவங்கள பாக்க நம்மகிட்ட இருக்குறது அந்த ரெண்டு லைட்டு தான். அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல.

என் தொழில்ல இருக்குறவங்களுக்கும், ஜி.பி ரோட்ல, நம்ம ஏரியால ஆக்சசரீஸ் கடை வச்சிருக்குறவங்களுக்கும்: ஹாலஜன் ஹெட்லைட்டுல எல்இடி கேட்டு வர்றவங்களுக்கு அந்த குட்டி தகட காட்டி எடுத்து சொல்லுங்க. நான் சொல்ல ஆரம்பிச்சதுல இருந்து பாதி பேரு கேட்டுக்குறாங்க. வருமானம் கொறைஞ்சது நெசம் தான், கப்ளர் மாத்துறது, ஹெட்லைட் பாலிஷ் பண்றதுல அத ஓரளவுக்கு ஈடு கட்டிட்டு இருக்கேன்.

என் கடைக்கு எதிர்ல இருக்குற காம்பவுண்டு சுவர்ல வீட்டுக்காரர்கிட்ட கேட்டு அளவு கோடு போட்டு வச்சிருக்கேன். மழை முடியுற வரைக்கும் ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறரைக்கு மேல நான் அங்க தான் இருப்பேன். கார எடுத்துட்டு வாங்க, முன்னாடி வெளிச்சம் எங்க விழுதுன்னு பாத்து ஸ்குரூவ திருப்பி குடுக்குறேன், பின்னாடி நின்னு பிரேக் லைட்ட பாத்து சொல்றேன். இதுக்கு காசு வேணாம். நான் மாட்டிக் குடுத்த எல்இடி எந்த வண்டில இருந்தாலும் கொண்டு வாங்க, என் செலவுல கழட்டிட்டு ஹாலஜன் போட்டு தர்றேன். இது வரைக்கும் மூணு வண்டி வந்திருக்கு.

இப்படிக்கு,
திருவொற்றியூர்ல இருந்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்